மூன்று லென்சுக்கு ஒரு பாடி

சைனுதீன் ராவுத்தர் பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற ஆள். கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கப் புறப்பட்டால், பஸ் ஏறியதும் பையைத் திறந்து பிலிம் இருக்கிறதா என்று பார்ப்பார். பொள்ளாச்சி வருவதற்குள் இன்னொரு தரம் திறந்து பார்ப்பார். "இவன் நிழலைப் பாத்து இவனே ஒதுங்கி நடப்பான்" என்று அண்ணன் மூசா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் மூசாவின் ஜவுளிக் கடை. அதை ஒட்டினாற்போல ஒற்றை அறையும், துணி மறைத்த ஒரு இருட்டறையுமாகத் தம்பியின் ஸ்டூடியோ.

அவரிடம் இருந்தது ஒரு ஜெர்மன் கேமரா. மனைவி ஐசும்மாவின் அண்ணன் பினாங்கில் பதினொரு வருஷம் கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பியபோது கொண்டுவந்து கொடுத்தது. அதன் பெருமையெல்லாம் லென்சுகளில்தான். திருகிக் கழற்றி வேறொன்றைத் திருகி மாட்டலாம். மூன்று இருந்தன. ஆள் முகத்துக்கு ஒன்று. சின்ன அறைக்குள் இருபது பேரை அடக்குவதற்கு அகலமானது ஒன்று. தூரத்துத் தேரைப் பக்கத்தில் இழுத்துக் காட்டுகிற நீள லென்சு ஒன்று. மூன்றையும் அவர் பழைய மஸ்லின் துணியில் சுற்றி, தகர டப்பாவில் அரிசி போட்டு அதற்குள் வைத்திருந்தார். அரிசி ஈரத்தை இழுக்கும் என்று யாரோ சொன்னது. அந்த அரிசியை மாதம் ஒருமுறை ஐசும்மா மாற்றுவாள்.

இப்படிப்பட்ட பயந்த சுபாவக்காரருக்குத்தான் அந்தப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனின் வேலையும் வந்து சேர்ந்திருந்தது. அடையாளம் தெரியாத பிணம் எங்காவது கிடந்தால், புதைப்பதற்கு முன் படம் எடுத்துத் தர வேண்டும். ஆளைத் தேடிக்கொண்டு பிற்பாடு யாராவது வந்தால் காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருக்கும். வருஷத்துக்கு நாலோ ஐந்தோ வரும். ஒவ்வொரு தரமும் சைனுதீனுக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

எழுபத்து மூன்றாம் வருஷம் பங்குனியில், வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு நண்பகலில், கான்ஸ்டபிள் செங்கோட்டையன் சைக்கிளில் வந்து இறங்கினார். வாய்க்கால் மதகில் ஒரு ஆள் ஒதுங்கியிருந்தான். வாலிப வயசு. கட்டம் போட்ட லுங்கி. கரையில் ஓலை விரித்து நீளவாக்கில் கிடத்தியிருந்தார்கள். பஞ்சாயத்து ஆட்கள் பக்கத்திலேயே குழி வெட்டி முடித்து, மண்வெட்டியில் சாய்ந்து நின்றார்கள். முகம் இன்னும் முகமாகவே இருந்தது. இன்னொரு நாள் போனால் இருக்காது.

சைனுதீன் மூச்சை அடக்கிக்கொண்டு நாலு படம் எடுத்தார். வெளிச்சம் அதிகம் என்பதால் ஷட்டரை வேகமாக வைத்தார். தலை முதல் கால் வரை சட்டத்துக்குள் வரும்படி பார்த்துக்கொண்டார். அவர் வீடு வந்து சேர்வதற்குள் அங்கே குழியை மூடிவிட்டார்கள்.

சாயங்காலம் மருந்தில் கழுவிய பிலிமை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாலு படத்திலும் கால் இருந்தது, லுங்கி இருந்தது, மடங்கிய ஒரு கை இருந்தது. தலை இருந்த பக்கம் வெறுமையாக, கழுவின கண்ணாடிபோல் இருந்தது. ஒரு பக்கத்திலிருந்து யாரோ பாதிப் படத்தைத் துடைத்து எடுத்தாற்போல.

காரணம் அவருக்கு அரைமணி நேரத்தில் விளங்கிற்று. கேமராவுக்குள் கறுப்புத் துணித் திரைகள் இரண்டு உண்டு. ஒன்று ஓடித் திறக்க வேண்டும், மற்றது பின்னால் ஓடி மூட வேண்டும். திறக்கிற திரை சோர்ந்துவிட்டது. வேகமாக வைக்கும்போது மூடுகிற திரை அதைப் பாதிவழியிலேயே எட்டிப் பிடித்துவிடுகிறது. ஸ்டூடியோவுக்குள் விளக்கு வெளிச்சத்தில் எப்போதும் மெதுவாக வைத்தே எடுத்ததால் கோளாறு வெளியே தெரியவில்லை. எத்தனை நாளாக இப்படியோ? பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவர் இதை ஒரு தரமும் பார்த்ததில்லை.

மறுநாள் ஸ்டேஷனில் எஸ்.ஐ. அந்தப் பிரிண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தலை எங்கே?"

"ஷட்டர் கோளாறுங்க சார்."

"தலை மட்டும் இல்லாமப் போற கோளாறா? யாராச்சும் சொல்லிக் கொடுத்தாங்களா?"

ரைட்டர் குறுக்கே வந்து, "இல்லை சார், ஆளு பாவம், பயந்தவன்" என்றார். எஸ்.ஐ. பிரிண்டை பைலுக்குள் போட்டார். இனி ஒரு தரம் இப்படி ஆனால் சித்தூர் ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று மட்டும் சொன்னார். வெளியே வந்தபின்பும் அந்தக் கேள்வி சைனுதீனின் பிடரியில் உட்கார்ந்திருந்தது. சிலசமயம் தன்னையே அவர் சந்தேகப்பட்டார்.

நாலாம் நாள் காளியாத்தாள் வந்தாள். வேலந்தாவளம் பக்கத்துக் குடியானவ வீட்டுப் பொம்பளை, ஐம்பது வயசிருக்கும். அவளுடைய மகன் சின்னையன், இருபத்திரண்டு வயசு, அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய்ப் பதினைந்து நாள் ஆகிறது. ஸ்டேஷனில் பாதிப் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். அவளுக்கு அது போதவில்லை. எடுத்தவரிடமே கேட்பது என்று நேரே ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டாள்.

"ராவுத்தரே, முழுப் படம் உங்ககிட்ட இருக்குதுன்னா குடுத்துப்போடுங்க. நான் அழமாட்டேனுங்க."

"இல்லீங்கம்மா. இருந்தாக் குடுத்திருப்பேனுங்க."

அவள் நம்பாமல் அவரையே பார்த்தாள். பிறகு, "செரி, நீங்க கண்ணால பாத்தீங்கல்ல? எப்படி இருந்தான்னு சொல்லுங்க. மீசை இருந்துச்சுங்களா?" என்றாள்.

சைனுதீன் கண்ணை மூடினார். வாய்க்கால் தெரிந்தது. ஓலை தெரிந்தது. மண்வெட்டியில் சாய்ந்து நின்றவனின் முண்டாசு நிறம்கூடத் தெரிந்தது. முகம் வரவில்லை. போகஸ் சரியா, வெளிச்சம் சரியா, கை நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், அந்த முகத்தை முகமாகப் பார்க்கவே இல்லை.

"இருந்தாப்லதான்... நெனப்பு வல்லீங்க."

"எங்க பையனுக்கு மீசை இப்பத்தான் அரும்பு. பல்லு ஒண்ணு முன்னால தூக்கிட்டிருக்கும்."

"வாய் மூடியிருந்துதுங்கம்மா." அதுவும் அவருக்கு நிச்சயம் இல்லை.

காளியாத்தாள் எழுந்து சேலையை உதறிக்கொண்டு, "பாத்த நீங்களே சொல்லமாட்டேங்கறீங்க. நான் ஒரு கையை மட்டும் பாத்துட்டு, இருக்கறான்னு ஊட்டுக்குப் போறதா, இல்லீன்னு போறதா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அதற்குச் சைனுதீனிடம் பதில் இருக்கும் என்று எண்ணித்தான் கேட்டாள். அடுத்த சந்தைக்கும் வந்தாள். அதற்கடுத்த சந்தைக்கும் வந்தாள். வாசலில் நின்று, "நெனப்பு வந்துச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

சைனுதீன் இளைத்துப்போனார். சந்தை நாள் வந்தால் காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ஐசு, எப்பாடுபட்டாவது ஒரு பாடி வாங்கியாகணும்" என்றார்.

ஐசும்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டாள். "வாயைக் கழுவுங்க. சோத்து நேரத்துல என்ன பேச்சு இது?"

"கேமரா பாடியைச் சொன்னேன். லென்சு மூணும் நல்லாத்தான் இருக்குது. பின்னாடி இருக்கற பெட்டிதான் செத்துப்போச்சு."

"அதைக் கேமராப் பெட்டின்னே சொல்லுங்க" என்றாள் அவள். அன்றிலிருந்து வீட்டுக்குள் அது பெட்டியாயிற்று.

கோயமுத்தூரில், டவுன்ஹாலுக்குப் பின்னால் ஒரு சந்தில், குப்பண்ணன் என்று ஒருவர் கேமரா பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பழைய சாமான் வாங்கி விற்கவும் செய்வார். சைனுதீன் கேமராவையும் மூன்று லென்சையும் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். பக்கத்தில் கோழியோடு உட்கார்ந்திருந்தவர் அசைந்தபோதெல்லாம் பையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

குப்பண்ணன் பின்மூடியைத் திறந்து, விரல் நுனியால் திரையைத் தொட்டார். "துணி காஞ்சு வெறச்சுப்போச்சுங்க. இதுக்குத் துணி நம்மூர்ல கெடையாது. வேற பாடி பாத்துக்குங்க. உங்க லென்சுக வாயி திருகு வாயி. அதே திருகு இருக்கற பாடிதான் சேரும்."

மேஜைமேல் மூன்றை எடுத்து வைத்தார்.

முதலாவது ரஷ்யக்காரனது. கையில் எடுத்தால் படிக்கல் மாதிரி கனம். விலை குறைவு, சைனுதீன் கொண்டுவந்திருந்த நானூறு ரூபாய்க்குள் அடங்கும். திருகு பொருந்திற்று. ஆனால் படம் எடுக்கிற நொடியில் லென்சின் கண்ணை உள்ளிருந்து அழுத்திச் சுருக்குகிற தகடு அதில் இல்லை. அகல லென்சுக்கு அந்தத் தகடு இல்லாமல் முடியாது. கண் விரியத் திறந்தபடியே கிடக்கும். இருபது பேரில் முன்வரிசை மட்டும்தான் தெளிவாக விழும்.

இரண்டாவது ஜப்பான்காரனது. திருகும் சரி, தகடும் சரி. உள்ளே இருந்த வெளிச்சமானி செத்திருந்தது. அது சைனுதீனுக்குத் தேவையில்லை. வெயிலைப் பார்த்தே அவர் கணக்குச் சொல்லுவார். ஆனால் மேல்மூலையில் ஒரு நெளிசல். எங்கோ கீழே விழுந்த பெட்டி. விலை அறுநூறு.

மூன்றாவது பளபளவென்று இருந்தது, அதோடு சொந்த லென்சு ஒன்றும் வந்தது. ஆனால் அதன் வாய் வேறு மாதிரி. கால் சுற்றில் சொருகிப் பூட்டுகிற வாய். "உங்க மூணு லென்சையும் குடுத்துட்டு இதைக் கொண்டுபோங்க. காசே வேண்டாம்" என்றார் குப்பண்ணன்.

சைனுதீன் மூன்றாவதைக் கையில் எடுத்தார். அழகான பெட்டி. பொத்தானை அழுத்தினால் பட்டுத்துணி கிழிகிற சத்தம். பினாங்கு மச்சான் நினைவுக்கு வந்தார். அரிசி டப்பா நினைவுக்கு வந்தது. பத்து வருஷமாகப் பழகிய கண்ணாடிகள். எது எந்த வெளிச்சத்தில் என்ன செய்யும் என்று கைக்குத் தெரியும். வைத்துவிட்டார்.

பிறகு ரஷ்யப் பெட்டியின் பின்மூடியைத் திறந்து, லென்சு இல்லாமல் வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஷட்டரை ஆக வேகத்தில் வைத்து அழுத்தினார். சட்டம் முழுக்க வெளிச்சம் மின்னி மறைந்தது. ஜப்பான் பெட்டியையும் அப்படியே பார்த்தார். முழுக்க மின்னிற்று. இன்னொரு தரம். இன்னொரு தரம். குப்பண்ணன் எண்ணிக்கொண்டே இருந்தாற்போலிருக்கிறது. "முப்பத்தெட்டு ஆச்சுங்க ராவுத்தரே. ஷட்டரு உங்க கையிலயே தேஞ்சுபோகும்" என்றார்.

"விழுந்த பெட்டிங்களே, உள்ளுக்குள்ள என்ன ஆயிருக்கும்னு பயமா இருக்குதுங்க."

"நானே தொறந்து பாத்தாச்சு. ஒண்ணுமில்லீங்க."

"ஒரு பிலிம் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லட்டுங்களா?"

குப்பண்ணன் தாடையைச் சொறிந்தார். யாருக்கும் அப்படிக் கொடுப்பதில்லை. அதோடு திருப்பூரிலிருந்து ஒரு ஆள் அடுத்த வெள்ளிக்கிழமை அதையே கேட்டு வருகிறான். கடைசியில், நீள லென்சை ஈடாக வைத்துவிட்டு ஜப்பான் பெட்டியை எடுத்துப் போகட்டும், வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் முடிவு சொல்லிவிட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. பஸ்ஸில் திரும்பும்போது பையில் மூன்றுக்குப் பதில் இரண்டு லென்சு கிடந்தது. மடி லேசாக இருந்ததே அவருக்குத் திக்கென்றது.

வீட்டில் ஒரு முழுச் சுருளை எல்லா வேகத்திலும் எடுத்துத் தள்ளினார். கொடியில் காய்ந்த வேட்டி, பனைமர வரிசை, அண்ணனின் கடை வாசல், வெயிலில் நிற்க வைத்து ஐசும்மா. கழுவிப் பார்த்தால் முப்பத்தாறும் ஓரம் முதல் ஓரம் வரை முழுசாக இருந்தன. அன்றைக்கு அவர் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை போய், நீள லென்சை விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லி, பெட்டியை வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று.

செவ்வாய்க்கிழமை சந்தை. காளியாத்தாள் வந்தாள். வாசலில் நிற்காமல் நேரே உள்ளே வந்தாள். மடியிலிருந்து ஒரு இன்லண்ட் கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

"படிங்க ராவுத்தரே. வாத்தியார் ஒருக்கா படிச்சாரு. நீங்க ஒருக்கா படிங்க."

மூணாறிலிருந்து வந்திருந்தது. சின்னையன் ஒரு தேயிலைப் பேக்டரியில் மூட்டை தூக்குகிறான். குளிர் ஜாஸ்தி. பல் கிட்டுகிறது. கம்பளி வாங்கப் பணம் சேர்க்கிறான். அப்பாவுக்குக் கோபம் தணிந்திருந்தால் எழுதச் சொல்லவும். சைனுதீன் படிக்கப் படிக்க அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிப்பிலேயே கண்ணீர் ஓடிற்று. "பல்லு கிட்டுதாமா! அந்தத் தூக்குப் பல்லை வெச்சுட்டு!" என்றாள். முந்தானையிலிருந்து பச்சை மொச்சையை அவிழ்த்து மேஜைமேல் கொட்டினாள். "உங்களை ரொம்பத் தொந்தரவு பண்ணிப்போட்டேனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டாள்.

சைனுதீனுக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தாற்போலிருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டுச் சொன்னார். ஐசும்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் மொச்சையை அள்ளிக்கொண்டே, "நல்லவேளைங்க. அப்பறம் அது யாராம்?" என்றாள்.

அவள் சும்மாதான் கேட்டாள். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அது யாரோ. அவனைத் தேடி இன்னும் யாரும் வரவில்லை. நாளைக்கு வரலாம், ஒரு வருஷம் கழித்து வரலாம். வந்தால் காட்டுவதற்கு ஒரு கைதான் இருக்கிறது. காளியாத்தாள் கேள்வியை எடுத்துக்கொண்டு போகவில்லை; வேறு ஒருத்திக்காக விட்டுப் போயிருக்கிறாள்.

அவர் எழுந்து, நேற்றுக் கழுவின பிலிமை மறுபடி எடுத்தார். சட்டம் முழுசாக இருக்கிறதா என்றுதான் நேற்றுப் பார்த்திருந்தார். இப்போது உருப்பெருக்கியை வைத்து முகம் முகமாகப் பார்த்தார். ஐசும்மாவின் படத்தில் அவளுடைய கண்ணுக்குத்தான் போகஸ் வைத்தார், நன்றாக நினைவிருக்கிறது. படத்தில் கண்ணில் லேசாகப் புகை படர்ந்திருந்தது. காது துல்லியமாக இருந்தது. தோட்டின் கல்லைக்கூட எண்ணலாம்.

பெட்டியை முக்காலி ஸ்டாண்டில் மாட்டி நிறுத்தினார். பத்துத் தீப்பெட்டிகளில் மையால் நம்பர் எழுதி, பெஞ்சில் சாய்வாக வரிசை வைத்தார். ஐந்தாம் நம்பருக்குப் போகஸ் வைத்து எடுத்தார். கழுவினார். ஏழாம் நம்பர்தான் துல்லியமாக விழுந்திருந்தது. லென்சை மாற்றி எடுத்தார். அப்போதும் ஏழு. விழுந்த பெட்டி விழுந்த பெட்டிதான். கண்ணாடிக்குள் பார்க்கிறதும் பிலிமில் விழுகிறதும் வேறு வேறாக இருந்தன.

ஐசும்மா இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. சின்ன சைசுல போட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"செத்துப்போனவன் காதைக் காட்டினா எந்த அம்மா அடையாளம் சொல்லுவா, ஐசு?"

அவள் அவருடைய சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். இனிக் குறையைச் சொல்லத்தான் கோயமுத்தூர் போவார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கே அவர் சந்தில் நின்றார். கடை திறக்கவில்லை. ஒன்பதுக்குக் குப்பண்ணன் வந்தார். கூடவே திருப்பூர் ஆளும் வந்துவிட்டான். கருத்தப்பாண்டி என்று பெயர். தெற்கத்திக்காரன், கோயில் திருவிழாக்களில் படம் எடுக்கிறவன். வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.

சைனுதீன் தீப்பெட்டிப் படங்களை மேஜைமேல் பரப்பினார். "குத்தம் சொல்றேன்னு நெனைக்காதீங்க. அஞ்சுக்கு வெச்சா ஏழுக்குப் போகுதுங்க."

குப்பண்ணனின் முகம் சிவந்தது. தன் கை பார்த்த பெட்டி. ஆனால் படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப் பார்க்கச் சிவப்பு இறங்கிற்று. பின்மூடியைத் திறந்து, பிலிம் இருக்கும் இடத்தில் எண்ணெய்க் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டினார். ஷட்டரைத் திறந்தே நிற்க வைத்து, எதிர்வரிசைக் கடைப் பலகை காகிதத்தில் எப்படி விழுகிறது என்று பார்த்தார். பிறகு மேலே கண்ணாடியில் பார்த்தார். "அட" என்றார்.

"உள்ள ஒரு சாய்வுக் கண்ணாடி இருக்குதுங்க. அது வந்து உக்கார்ற முளை வளைஞ்சிருக்குது. மயிரிழைதான். நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"சரி பண்ண முடியுங்களா?"

"பாக்கலாம்."

"அண்ணாச்சி, எனக்கு அதெல்லாம் பரவாயில்ல" என்றான் கருத்தப்பாண்டி ஸ்டூலிலிருந்து. "நான் தேரையும் யானையையும் எடுக்கறவன். அப்படியே குடுங்க, இப்பவே முழுப் பணம் தாரேன்."

சைனுதீனுக்குக் கொடுத்துவிடட்டும் என்றும் ஒரு எண்ணம். ரஷ்யப் பெட்டி போதும். அகல லென்சை மறந்துவிடலாம். நிம்மதியாகப் பஸ் ஏறலாம். ஆனால் குப்பண்ணன் தலையைத் தூக்காமலே, "அவருக்குப் பத்து மணிவரைக்கும் சொல்லியிருக்குது. மணி ஒன்பதே கால்தான்" என்றார்.

நூல் கனத் திருப்புளியால் முளையைத் தொட்டார். பார்த்தார். மறுபடி தொட்டார். சைனுதீன் கொண்டுபோயிருந்த தீப்பெட்டிகளை மேஜையில் சாய்வாக அடுக்கிக் கொடுத்தார். சைனுதீன் கொண்டுபோயிருந்த தீப்பெட்டிகளை மேஜையில் சாய்வாக அடுக்கிக் கொடுத்தார். காகிதத்தில் ஐந்தாம் நம்பர் தலைகீழாகத் தெளிந்து வந்தபோது மணி பத்தாகப் பத்து நிமிஷம் இருந்தது. அகல லென்சை மாட்டிப் பார்த்தார்கள். ஐந்துதான். ஈடாகக் கிடந்த நீள லென்சையும் மாட்டிப் பார்த்தார்கள். அதற்கும் ஐந்துதான்.

பிலிம் ஓட்டிப் பார்க்க நேரமில்லை. "என்ன சொல்றீங்க?" என்று கேட்டார் குப்பண்ணன்.

சைனுதீன் பெட்டியின் நெளிசலை விரலால் தடவினார். அதன் குற்றம் இன்னதென்று இப்போது தெரியும். பளபளக்கிற மற்றதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? "எடுத்துக்கறனுங்க. நீள லென்சு உங்களுக்கே இருக்கட்டும்" என்றார். சொன்னபிறகு, அந்த லென்சை ஒரு தரம் வாங்கி, மஸ்லின் துணியால் துடைத்து, மூடி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். கருத்தப்பாண்டி அங்கேயே குப்பண்ணனிடம் அந்த லென்சுக்கு விலை பேச ஆரம்பித்துவிட்டான்.

தேர்த் திருவிழாப் படங்கள் அந்த வருஷத்தோடு சைனுதீனுக்கு நின்றன. கிட்டே போய்க் கூட்டத்தில் இடிபட்டு எடுக்க அவரால் ஆகவில்லை. மூசா கொஞ்ச நாள் வருத்தப்பட்டார்.

ஸ்டேஷனிலிருந்து அடுத்த அழைப்பு ஐப்பசியில் வந்தது. பஸ் நிறுத்தத்தில் ஒரு வயசாளி உட்கார்ந்தபடியே இறந்துபோயிருந்தார். பையில் வெற்றிலையும் ஒரு துண்டும் தவிர ஒன்றுமில்லை. சைனுதீன் பன்னிரண்டு படம் எடுத்தார். வேகமாக ஆறு, மெதுவாக ஆறு. எடுத்து முடித்துக் கேமராவைப் பைக்குள் வைத்தார். பிறகு, இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். குந்தி உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்த்தார். அடர்ந்த புருவம், இடது தாடையில் ஒரு மரு, சவரம் செய்து இரண்டு நாள் ஆன நரைமுடி. பாடம் படிக்கிற பிள்ளைபோல் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். செங்கோட்டையன், "என்னங்க ராவுத்தரே, தெரிஞ்ச ஆளுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. சும்மா."

பன்னிரண்டிலும் முகம் விழுந்திருந்தது. மருகூடத் தெரிந்தது. அவர் சந்தோஷப்பட்டார், பட்டது தப்போ என்று உடனே கூச்சமும் வந்தது.

இருபது நாள் கழித்து உடுமலைப்பேட்டையிலிருந்து ரத்தினசாமி என்று ஒருவர் வந்தார். ஸ்டேஷனில் படத்தைப் பார்த்துவிட்டார். அவருடைய தமையன்தான். புத்தி கொஞ்சம் பிசகி, அடிக்கடி சொல்லாமல் புறப்பட்டுவிடுகிற மனுஷன். வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டு வந்திருந்தார். சைனுதீன் கொடுத்தார். அவர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் என்று சைனுதீன் பார்க்கவில்லை. படம் எடுக்க வந்த இரண்டு பேரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினார்.

"ரொம்பச் சங்கடப்பட்டிருப்பாருங்களா?" என்று கேட்டார் ரத்தினசாமி.

"இல்லீங்க" என்றார் சைனுதீன். "செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தாரு. கண்ணு மூடித்தான் இருந்துச்சு. தூங்கறாருன்னு நெனச்சு பஸ்காரன் ரெண்டு தரம் எழுப்பியிருக்கறான். வாய்ல வெத்தலை இருந்துச்சுங்க."

ரத்தினசாமி தலையை ஆட்டினார். "வெத்தலை இல்லாம இருக்கமாட்டாருங்க" என்றார்.

அதன்பிறகு பதினாறு வருஷம் அந்த நெளிந்த பெட்டி ஓடிற்று. இரண்டு தரம் குப்பண்ணன் திறந்து எண்ணெய் போட்டார். மதகில் கிடந்த வாலிபனைக் கேட்டு மட்டும் யாரும் வரவில்லை. அந்தப் பாதிப் படத்தின் நெகட்டிவைச் சைனுதீன் எறியவும் இல்லை, எடுத்துப் பார்க்கவும் இல்லை. பயம் அவரை விட்டுப் போகவில்லை. ஸ்டேஷன் வேலைக்குப் போய்வந்த நாளில், பிலிம் கழுவித் தொங்கவிடுகிறவரை அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஐசும்மாவும் அதற்கு முன் தட்டு வைக்கமாட்டாள். இருட்டறைத் துணி விலகுகிற சத்தம் கேட்டால் அடுப்படியிலிருந்தே, "மொகம் இருக்குதுங்களா?" என்று கேட்பாள். "இருக்குது" என்று பதில் வந்தபிறகுதான் சோற்றுப் பானையை இறக்குவாள்.